கை கால் வசப்படாத பிள்ளையும் மார்க்கச் சட்டங்களும்

“என் மகனுக்கு ஒன்பது வயதாகிறது. இன்னும் தனியே உட்காரவில்லை. வாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டே இருக்கிறது. அவனைத் தூக்கி இறக்குவதில் என் உடுப்பெல்லாம் நனைந்துவிடுகிறது. இந்த உடுப்போடு நான் தொழலாமா? அவனுக்குத் தொழுகையைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா, வேண்டாமா?”

தக்கலையிலும் சுற்றுப்புற ஊர்களிலும் பயான் முடிந்ததும் பெண்கள் பகுதியிலிருந்து சீட்டில் எழுதி வரும் கேள்விகளில் இந்த வகைக் கேள்வி ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவையாவது வந்துவிடும். எழுதாத மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. அதை அந்தத் தாய் கதவுக்குப் பின்னால் நின்று தாழ்ந்த குரலில் கேட்பாள்: “இது நாங்கள் செய்த பாவத்துக்கான தண்டனையா?”

இம்மூன்று கேள்விகளுக்கும், இவற்றையொட்டி எழும் வேறு சிலவற்றுக்கும், மார்க்க நூல்களிலும் வைத்திய நூல்களிலும் உள்ளவற்றைச் சேர்த்து இங்கே எழுதுகிறோம். கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கு விடை தெரியாதவரை மற்றவை மனதில் ஏறா.

இந்நோய்க்கு மூளை முடக்குவாதம் என்று பெயர். டாக்டர்கள் செரிப்ரல் பால்ஸி என்பார்கள். லண்டனில் இருந்த வில்லியம் லிட்டில் என்ற அறுவை வைத்தியர்தான் 1861-ல் இதைப் பிரசவத்தோடு தொடர்புபடுத்தி விரிவாக எழுதினார். வெகுகாலம் வரை லிட்டில் நோய் என்றே இதற்குப் பெயர் இருந்தது. பிள்ளை கருவில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்துக்குள்ளோ மூளையில் கை கால்களை ஆளும் பகுதிக்கு ஏற்படும் சேதமே இதற்குக் காரணம். மாதம் நிறையாமல் பிறப்பது, பிரசவம் நீண்டு மூச்சு முட்டுவது, பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் காமாலை முற்றி மூளையில் ஏறுவது, மூளைக் காய்ச்சல் ஆகியவை தெரிந்த காரணங்கள். எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடியாத பிள்ளைகளும் உண்டு. உலகெங்கும் ஆயிரம் பிரசவத்துக்கு இரண்டு மூன்று என்ற கணக்கில் எல்லாச் சமயத்தாரிடத்தும் எல்லா நாட்டாரிடத்தும் இது காணப்படுகிறது. பெற்றவர்களின் பாவத்தைக் கணக்குப் பார்த்து வருவதானால் இப்படி ஒரே அளவில் எங்கும் பரவி இருக்குமா?

மார்க்கத்தில் இதற்கு இன்னும் தெளிவான பதில் இருக்கிறது. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை என்பது குர்ஆனில் பல இடங்களில் வந்துள்ள கருத்து. தகப்பன் பாவத்துக்கு மகன் முடமாவான் என்பது நம்முடைய கொள்கையன்று. மாமியார் மருமகளைப் பார்த்து, “உன் வயிறு சரியில்லை” என்பதும், அதைக் கேட்டுக்கொண்டு மகன் வாய்மூடி நிற்பதும், சில இடங்களில் அவளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போய் இரண்டாம் நிக்காஹுக்கு ஆள் அனுப்புவதும் மார்க்கத்தின் பெயரால் நடக்கிற அநியாயங்கள். பிள்ளைக்கு வந்த நோயில் பெற்ற தாய்க்குக் குற்றம் சுமத்துகிறவர், அவதூறின் பாரத்தைத் தாம் சுமக்கிறார் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

வைத்தியம் பற்றி இரண்டொரு வார்த்தை. மூளையில் விழுந்த சேதம் நாளாக ஆகப் பெருகுவதில்லை. ஆனால் கவனியாமல் விட்டால் கை கால் தசைகள் சுருங்கி மூட்டுகள் மடங்கியபடியே இறுகிப்போகும். ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் நன்மை. நான்கு மாதமாகியும் தலை நிற்காமை, எட்டு ஒன்பது மாதமாகியும் உட்காராமை, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை மூடியே வைத்திருத்தல், தூக்கும்போது கால்கள் கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி விறைத்தல் ஆகியவற்றைக் கண்டால் “வாப்பாவும் தாமதமாகத்தான் நடந்தார்” என்று சொல்லிக்கொண்டிராமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பிறந்து 24 மணி நேரத்துக்குள் பிள்ளையின் கண்ணோ தோலோ மஞ்சளானால் வெயிலில் காட்டிக்கொண்டு வீட்டில் இருக்கலாகாது, அன்றே டாக்டரிடம் போக வேண்டும். ஓதி ஊதுவதையும் தண்ணீர் ஓதிக் கொடுப்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் நோய்க்கு மருந்து தேடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே ஏவியிருக்கிறார்கள். ஓதிப் பார்க்கிறேன் என்று சொல்லி வலிப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் சொல்லைக் கேட்கக் கூடாது. இப்பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு அளவில் வலிப்பும் சேர்ந்திருக்கும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்றையும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். இப்பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிவில் ஒரு குறையும் கிடையாது. முகம் கோணுவதையும் நாக்கு குழறுவதையும் பார்த்து “புத்தி இல்லை” என்று முடிவு கட்டிவிடுகிறோம். உள்ளே ஒரு முழுமையான அறிவு இருந்துகொண்டு நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். பிள்ளையை நடுவில் கிடத்திவிட்டு அதன் தலைவிதியைப் பற்றி அண்டை வீட்டாரோடு பேசும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

எச்சில், உணவு, உடை

எச்சில் சுத்தமானது. மனிதனின் உமிழ்நீர் நஜீஸ் அல்ல என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேற்றுமை இல்லை. தூக்கத்தில் வாயிலிருந்து வடிவதும் வயிற்றிலிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியாதவரை சுத்தமே. ஆகவே அந்தத் தாய் அந்த உடுப்போடு தாராளமாகத் தொழலாம். பிள்ளையும் தன் நனைந்த சட்டையோடு தொழலாம். பள்ளிவாசலின் விரிப்பில் சிறிது எச்சில் பட்டால் விரிப்பு நஜீஸாகிவிடாது, துடைத்துவிட்டால் போதும். இது ஒரு சின்னச் சட்டம்தான். இதைத் தெரியாமல் எத்தனை பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டோம்! கக்கிய உணவின் சட்டம் வேறு. வயிற்றுக்குள் போய்த் திரும்பி வந்தது ஷாபிஈ மத்ஹபில் நஜீஸ்தான், கழுவ வேண்டும்.

உணவு ஊட்டுவதில்தான் பெரும்பாலான தாய்மார் தவறுகிறார்கள். பிள்ளையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாயில் கஞ்சியை ஊற்றுவது நம் வீடுகளின் வழக்கம். தலை பின்னால் சாய்ந்தால் உணவுக் குழாயை விட மூச்சுக் குழாயின் வாசல்தான் அதிகம் திறந்துகொள்ளும். கஞ்சி நெஞ்சுக்குள் இறங்கி அடிக்கடி சளிக் காய்ச்சல் வருவது இதனாலேதான். பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைச் சற்றே முன்னால் குனியவைத்து, எதிரே தாழ்ந்த இடத்திலிருந்து ஊட்ட வேண்டும். தண்ணீராக இருப்பதை விழுங்குவது இவர்களுக்குக் கடினம். கூழ் பதத்தில் கெட்டியாக்கிக் கொடுத்தால் எளிதில் இறங்கும். அறையின் இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் தலையணைகளை அண்டக்கொடுத்து உட்காரவைத்தாலே முதுகு நிற்கும். பின்னர் ஆசாரியிடம் சொல்லி மூலை நாற்காலி ஒன்று செய்துகொள்ளலாம். முன்னால் ஒரு பலகையும் நடுவில் கால்கள் பின்னிக்கொள்ளாமல் இருக்க ஒரு கட்டையும் இருந்தால் போதும். கரண்டிப் பிடியில் துணியையோ பழைய சைக்கிள் டியூபையோ சுற்றித் தடிமனாக்கினால் பிள்ளையின் கையில் பிடிபடும். முதலில் பத்துக்கு ஒன்பது வாய் சிந்தும். சிந்தட்டும். தானே உண்ணும் ஒரு வாய்க்கு, ஊட்டிவிடும் ஒரு தட்டு ஈடாகாது.

இங்கே ஒரு மார்க்கச் சட்டம். வலப்பக்கம் முடங்கிய பிள்ளையை “இடக்கையால் உண்பது ஷைத்தானின் வழக்கம்” என்று சொல்லி அடிக்கிறவர்கள் உண்டு. தகுந்த காரணமின்றி இடக்கையால் உண்பதே வெறுக்கப்பட்டது. வலக்கை வழங்காதவனுக்கு இடக்கைதான் கை. அவன் விஷயத்தில் வெறுப்பும் இல்லை, கூடாது என்பதும் இல்லை.

குர்ஆனின் இருபத்துநான்காவது அத்தியாயமாகிய நூரில் 61-ஆம் ஆயத்தில் பார்வையற்றோர், முடமானோர், நோயாளி ஆகியோரைக் குறிப்பிட்டு, கூடியுண்பதில் குற்றமில்லை என்ற கருத்து வருகிறது. அக்காலத்தில் சிலர் இவர்களோடு சேர்ந்து உண்பதைக் கூச்சத்தாலோ பேணுதலாலோ தவிர்த்து வந்தார்கள் என்று தஃப்ஸீர் நூல்களில் காணலாம். நம்முடைய கல்யாண வீடுகளில் இப்படிப்பட்ட பிள்ளைக்குச் சமையற்கட்டின் பின்புறம் தனித் தட்டு போகிறதே, அது எந்த ஆயத்தைப் பின்பற்றி என்று தெரியவில்லை.

உடை அணிவிக்கும்போது விறைத்த கையை முதலில் சட்டைக்குள் விட வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். எதிலும் வலத்தை முற்படுத்துவது ஸுன்னத்தாயிற்றே என்று தயங்க வேண்டாம். ஸுன்னத்துக்காகக் கையை முறிக்கச் சொல்வார் இல்லை. கால்கள் விறைத்துப் பின்னிக்கொள்ளும் பிள்ளையைக் கைகளில் படுக்கவைத்துத் தூக்குவதைக் காட்டிலும், நம் உம்மும்மாக்கள் வழக்கப்படி இடுப்பில் இரு காலும் இருபுறம் வர ஒக்கலில் வைத்துக்கொள்வதுதான் மேல். கால்கள் அகன்று நிற்கும், தலையும் நிமிரும். இதை இப்போது வைத்தியம் பயின்றவர்களும் சொல்லித்தருகிறார்கள். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இப்படித் தூக்கித் தாயின் முதுகுத்தண்டு போய்விடக் கூடாது. சக்கர நாற்காலி வாங்கினால் பிள்ளை நடக்கவே நடக்காது என்ற பயம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அப்படியல்ல, நாற்காலி இல்லாத பிள்ளைதான் பாயிலேயே கிடந்து மடங்கிப்போகிறது. தானே புரள முடியாத பிள்ளையை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிக் கிடத்த வேண்டும். இல்லையேல் படுக்கைப்புண் வரும்.

மல ஜலம், குளிப்பு ஆகியவற்றில் வெட்கத் தலங்களைப் பேணுவது பற்றிக் கேட்கிறார்கள். தேவை ஏற்பட்ட இடத்தில் தேவையான அளவு பார்ப்பதும் தொடுவதும் ஆகும் என்பது சட்டம். ஆயினும் பிள்ளை வளர வளர, ஆண்பிள்ளையை வாப்பாவோ காக்காவோ, பெண்பிள்ளையை உம்மாவோ கவனிப்பதே முறை. இடுப்பில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு குளிப்பாட்டலாம். ‘இதற்கு என்ன தெரியும்’ என்று முற்றத்துக் கிணற்றடியில் எல்லோரும் பார்க்கக் குளிப்பாட்டுவது ஹராம். அந்தப் பிள்ளைக்கும் வெட்கம் உண்டு. வெட்கத்தைப் பேணி வளர்க்கப்பட்ட பிள்ளைதான், தகாத முறையில் ஒருவன் கைவைத்தால் அது தவறென்று அறிந்து அழும்.

ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் தாய்மார் கவனிக்க: பிள்ளையின் மறைவிடத்தை உள்ளங்கையால் நேரே தொட்டால், அது எவ்வளவு சிறிய பிள்ளையானாலும், தொட்டவரின் உலூ முறியும். கையில் துணியையோ ரப்பர் உறையையோ மாட்டிக்கொண்டு கழுவினால் முறியாது. ஹனபி மத்ஹபில் நேரே தொட்டாலும் முறியாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமா (ரலி) அவர்களைச் சுமந்தபடி தொழுதது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஆகவே சுத்தமாயிருக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தொழுவதில் குறையில்லை. அசுத்தமான துணியோடு இருக்கும் பிள்ளையைச் சுமந்து தொழுதால் தொழுகை கூடாது. மாற்றிவிட்டுத் தொழ வேண்டும், அல்லது வக்துக்குள் வேறொருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேறொருவர், பெரும்பாலும், வீட்டிலேயே இருக்கும் வாப்பாதான். பிள்ளையை விட்டு நகர முடியாத நிலையில் அவருக்கு ஜமாஅத்தை விட அனுமதி இருக்கிறது என்பதையும் அவர் தெரிந்துகொள்ளட்டும்.

பிள்ளையின் தொழுகை

ஏழு வயதில் தொழுகையைச் சொல்லிக்கொடுக்கும்படி வந்த ஏவல் இப்பிள்ளைக்கும் பொருந்தும், நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியும் பக்குவம் அவனுக்கு இருந்தால். பருவமடைந்து அறிவும் உள்ளவனுக்குத் தொழுகை கடமை. உடல் எவ்வளவு முடங்கியிருந்தாலும் கடமை நீங்காது, முறைதான் மாறும். அறிவு முற்றும் இல்லாதவனுக்கு எந்தக் கடமையும் இல்லை. அவனைப் போட்டு வற்புறுத்துவதும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பவனை எப்படி அறிவது? நாக்கை வைத்து அறியக் கூடாது. கேட்டதற்குக் கண்ணாலோ தலையாலோ பொருந்தப் பதில் சொல்கிறானா என்பதை வைத்து அறிய வேண்டும்.

உலூச் செய்யத் தன் கை வழங்காதவனுக்கு இன்னொருவர் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். ஷாபிஈ சட்டப்படி அப்படி ஒருவரைத் தேடிக்கொள்வது அவன்மீது கடமை. வசதியுள்ளவனானால் கூலி கொடுத்தாவது. ஆனால் நிய்யத்து அவனுடையது. உம்மா அவனுக்காக நிய்யத்து வைக்க முடியாது. முகத்தில் முதல் தண்ணீர் படும்போது அவன் உள்ளத்தில் அது இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். சிறுநீர் அடங்காதவனாக இருந்தால், வக்து வந்த பின் கழுவி, துணி கட்டி, உலூச் செய்து, தாமதியாமல் தொழுதுவிட வேண்டும். இடையில் கசிந்தால் தொழுகை முறியாது. ஷாபிஈயில் ஒவ்வொரு பர்ளுக்கும் இப்படிப் புதிதாகச் செய்ய வேண்டும். ஹனபியில் அந்த வக்து முடியும்வரை அந்த உலூ நிற்கும்.

நிற்க முடியாவிடில் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிடில் பக்கவாட்டில் சாய்ந்தும் தொழலாம் என்பது இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித்தந்த வழி. சுவரையோ ஆளையோ பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்க முடியுமானால் முடிந்த அளவு நிற்கட்டும். தினமும் பிடித்து நிறுத்துவது இடுப்பு எலும்புக்கும் நல்லது என்கிறார்கள் வைத்தியர்கள். (தொழுகையைத் தேகப் பயிற்சியாக்கிவிட வேண்டாம், ஆனால் அல்லாஹ் ஒன்றில் இரண்டைத் தந்தால் வேண்டாமென்பானேன்?) குனிய முடியாதவன் சைகையால் ருகூஉ செய்து, ஸுஜூதுக்கு அதைவிடச் சற்று அதிகம் குனிய வேண்டும். சக்கர நாற்காலியைக் கிபுலாவை நோக்கித் திருப்பி நிறுத்துவது உடனிருப்பவர் வேலை.

இவ்வகை நோயில் சிலருக்குக் கை கால்கள் தாமாகவே ஓயாமல் நெளிந்து அசைந்துகொண்டிருக்கும். தொழுகையில் தொடர்ந்து மூன்று அசைவு அசைந்தால் முறிந்துவிடும் என்று ஷாபிஈ நூல்களில் படித்த பிள்ளைகள் இதைக் கண்டு அஞ்சுகிறார்கள். தன் வசத்தில் இல்லாத நடுக்கத்துக்கு அச்சட்டம் இல்லை என்று அதே நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. பாத்திஹா ஓதுவதில் நாக்கு எவ்வளவு வளைந்து கொடுக்கிறதோ அவ்வளவு ஓதினால் போதும். ‘ழாத்’ வரவில்லை என்று ஒரு பிள்ளையை ஒரே பக்கத்தில் மூன்று வருடம் நிறுத்திவைக்கும் உஸ்தாதுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பேச்சே வராதவர்களுக்கு இப்போது ஒரு பலகை செய்து கொடுக்கிறார்கள். அதில் படங்களோ எழுத்துகளோ இருக்கும். பிள்ளை விரலாலோ கண்ணாலோ அதைச் சுட்டிக்காட்டித் தன் எண்ணத்தைச் சொல்லும். இது புதிய ஏற்பாடாகத் தோன்றலாம். நம்முடைய பிக்ஹில் இதற்கு எப்போதோ இடம் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். பேச இயலாதவனின் விளங்கத்தக்க சைகை பேச்சுக்குச் சமம். அவன் கொடுக்கல் வாங்கல், நிக்காஹ் எல்லாம் அதைக்கொண்டு நிறைவேறும். ஒரு நயத்தைப் பாருங்கள்: தொழுகையில் பேசினால் தொழுகை முறியும், ஆனால் அதே சைகையை அவன் தொழுகைக்குள் காட்டினால் முறிவதில்லை. வியாபாரத்தில் அவனுக்குப் பேச்சு, தொழுகையில் அவனுக்குச் சலுகை. அப்படியிருக்க, அந்தப் பலகையில் ‘தண்ணீர்’, ‘வலிக்கிறது’ என்பவற்றோடு ‘தொழ வேண்டும்’ என்ற படத்தையும் ஒட்டிவைக்கச் சொல்கிறோம்.

நோன்பு விஷயத்தில், பருவமடைந்து அறிவும் உள்ளவனுக்கு நோயின் காரணத்தால் எக்காலத்திலும் நோற்க முடியாதென்று நம்பத்தகுந்த டாக்டர் சொன்னால், வசதியிருப்பின் நாளொன்றுக்கு ஒரு முத்து அரிசி, அதாவது சுமார் 600 கிராம், ஏழைக்குக் கொடுக்க வேண்டும். இது ஷாபிஈ அளவு. அறிவு இல்லாதவனுக்கு அதுவும் இல்லை.

பள்ளிவாசலின் படிகள்

இப்போது ஜமாஅத்தாரிடம் பேச வேண்டியது. நடக்க முடியாதவனுக்கு ஜும்ஆ கடமையில்லை என்று எல்லோரும் அறிவார்கள். ஆனால் ஷாபிஈ நூல்களில் அதோடு ஒரு நிபந்தனை இருக்கிறது: சிரமமில்லாமல் ஏறிச் செல்ல ஒரு வாகனம் கிடைத்தால் அவன்மீதும் ஜும்ஆ கடமையாகும். இன்றைக்குச் சக்கர நாற்காலி இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது, தள்ளிக்கொண்டு வரத் தம்பி இருக்கிறான். வந்தவனைப் பள்ளிவாசலின் மூன்று படிகள் வெளியே நிறுத்திவிடுகின்றன. கடமையை நிறைவேற்ற வந்தவனுக்கும் கடமைக்கும் நடுவில் நிற்கும் அந்த மூன்று படிகளும் யார் பொறுப்பு?

சரிவுப் பாதை கட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒரு படி அரை அடி என்றால் மூன்று படிக்கு ஒன்றரை அடி. பதினெட்டு அடி நீளப் பாதை. இடம் குறைவென்று செங்குத்தாகக் கட்டிவிட்டால் நாற்காலி பின்னால் உருண்டு விபத்தாகும். நம் மாவட்டத்து மழையில் பளபளப்பான டைல்ஸ் போட்டால் யாரும் ஏற முடியாது. சொரசொரப்பான சிமெண்டு போதும். ஹவுளுக்குப் பக்கத்தில் நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு குழாய், கைப்பிடியோடு ஒரு கழிப்பறை. மினாராவுக்கு ஆகும் செலவில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று கமிட்டியார் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சக்கரத்தில் தெருச் சேறு இருக்குமே என்பார்கள். நஜீஸ் என்று கண்ணால் காணாதவரை சுத்தம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வாசலில் ஒரு ஈரச் சாக்கில் உருட்டித் துடைத்தால் சந்தேகமும் தீரும்.

பிள்ளை நடுவில் சத்தம் போட்டால் என்ன செய்வது என்றும் கேட்பார்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டுத் தம் தொழுகையைச் சுருக்கிக்கொண்டவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்; அந்தத் தாயைப் பள்ளிக்கு வராதே என்று சொல்லவில்லை. ரஜப் மாதத்தில் பீர்முஹம்மது அப்பா அவர்களின் ஞானப்புகழ்ச்சியை இரவெல்லாம் பாடிக் கேட்கும் ஊர் இது. அந்த இரவில் மட்டும் இப்பிள்ளைகளுக்கு ஓர் ஓரம் கிடைக்கிறது. மற்ற நாட்களிலும் கிடைக்கட்டும்.

மக்கா நகரின் முப்தியாக இருந்த அதாஉ இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்கள் கால் முடமானவர், கை வழங்காதவர், ஒரு கண் பார்வையற்றவர், கடைசிக் காலத்தில் இரு கண்ணும் போனவர். ஹஜ்ஜுக் காலத்தில் அவரைத் தவிர வேறெவரும் பத்வா கொடுக்கலாகாதென்று உமையாக்கள் அறிவிப்புச் செய்தார்கள். ஹிஜ்ரி 114-ல் காலமானார். அவர் இன்று நம் மதரஸா ஒன்றில் சேர வந்தால், மாடியில் இருக்கும் வகுப்புக்கு எப்படி ஏறுவார்?

செலவும் உதவியும்

பிள்ளை பருவமடையும்வரை அவன் செலவு வாப்பாவின் பொறுப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். உழைத்துச் சம்பாதிக்க இயலாதபடி முடங்கியவனானால் பருவமடைந்த பின்பும் அப்பொறுப்பு நீங்குவதில்லை. அதுமட்டுமல்ல, அவனுக்குப் பணிவிடை செய்ய ஆள் தேவைப்பட்டால் அந்த ஆளின் செலவும் ஜீவனாம்சத்தைச் சேர்ந்ததே என்று பிக்ஹு நூல்கள் கூறும். அதாவது, இரவு பகலாக உம்மா செய்யும் வேலைக்கு மார்க்கத்தில் ஒரு விலை இருக்கிறது. கலீபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சி 705–715) நடக்க முடியாத ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளையும் பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும் நியமித்ததாகத் தபரீ எழுதியிருக்கிறார். அவர் வேறு விஷயங்களில் எப்படியிருந்தாலும் இது நல்ல ஏற்பாடு.

ஜகாத் பற்றிச் சுருக்கமாக. வாப்பா தன் ஜகாத்தைத் தன் பொறுப்பிலுள்ள இந்தப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. வாப்பா வசதியற்றவராக இருந்தால் மாமாவோ சாச்சாவோ பிறரோ கொடுக்கலாம். நாற்காலியோ மருந்தோ வாங்க அதைப் பயன்படுத்தலாம். ஆனால் ஜமாஅத் ஜகாத் பணத்தில் நான்கு நாற்காலி வாங்கிப் பள்ளியில் வைத்து இரவல் கொடுத்தால் ஜகாத் நிறைவேறாது. ஏழையின் உடைமையாக ஆக்கிக்கொடுக்க வேண்டும். இரவல் நாற்காலியை சதகாவில் வாங்குக.

உதவி கிடைக்கும் இடங்கள் நமக்கு அருகிலேயே உள்ளன. பீர்முஹம்மது அப்பா பிறந்த தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி என்ற சிற்றூரில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலற்றுப்போன ராமகிருஷ்ணன் என்பவர், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981-ல் அதைத் தொடங்கினார். அவருக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்கள் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும்படி செய்தது இச்சங்கத்தின் சிறப்பு. தலை அசைக்க மட்டும் முடிந்த ஒருவர் இதைச் செய்திருக்க, நம்மில் கை கால் உள்ளவர்கள் ஒரு சரிவுப் பாதைக்கு மூன்று கூட்டம் போடுகிறோம். சென்னையில் 1985-ல் தொடங்கிய வித்யாசாகர் நிறுவனம், பேச்சு வராதவர்களுக்கான பலகை முதலியவற்றில் பெயர் பெற்றது. இவற்றுக்கெல்லாம் முன்னோடி, 1972-ல் மித்து ஆலூர் என்ற பெண்மணி பம்பாயில் தொடங்கிய பள்ளி. இந்நோயுள்ள அவருடைய மகள் மாலினி சிப் லண்டனில் இரண்டு மேற்பட்டங்கள் பெற்று, ஒற்றை விரலால் தட்டச்சு செய்து தம் வரலாற்றைப் புத்தகமாக எழுதியிருக்கிறார்.

அரசாங்கத்திடமிருந்து பெற வேண்டியவற்றுக்கு முதல் வாசல் மாற்றுத் திறனாளி அடையாள அட்டை. நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்து மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை உண்டு. பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்பு ஆசிரியர் வீட்டுக்கு வருவார். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்குத் தமிழக அரசு தரும் மாதப் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரியில் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் சேர்ந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை வைத்தியச் செலவு கிடைக்கும். பெண்பிள்ளைக்கு அட்டை எடுத்தால் அக்காள் தங்கைகளுக்கு மாப்பிள்ளை வராது என்று மறைப்போர் பலர். மறைத்து வைத்த பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் கிடைப்பதில்லை.

“எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்கள்?” என்பதே எல்லாப் பெற்றோரின் கடைசிக் கவலை. வாரிசுக்கு வஸிய்யத்து எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றிச் செல்லாது. ஆனால் உயிரோடிருக்கும்போதே இவன் பெயருக்கு அதிகமாக ஹிபா கொடுக்கலாம். பிள்ளைகளுக்குள் பேதம் காட்டுவது வெறுக்கப்பட்டது என்றாலும், ஒரு பிள்ளையின் தேவை கருதிக் கொடுப்பதில் அந்த வெறுப்பு இல்லை. மற்ற மக்களைக் கூட்டிவைத்து, காரணத்தைச் சொல்லி, அவர்கள் முன்னிலையில் செய்வது நல்லது. கொடுத்த சொத்தைப் பத்திரம் பதிந்து அவன் வசமாக்காமல் வாய்ச்சொல்லாக விட்டால் மௌத்துக்குப் பின் வழக்கு வரும்.

சட்டத்தின் பார்வையில் 18 வயது நிரம்பியவனுக்குப் பெற்றோரும் தாமாகவே காப்பாளர் அல்லர். வங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரிக் கையெழுத்து எல்லாவற்றிலும் இது தடையாக வரும். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் அறிவுள்ளவனுக்குக் காப்பாளர் தேவையில்லை. அவன் விரல் ரேகையும் சைகையுமே போதும். அது இயலாதவனுக்கு 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளரை நியமித்துக்கொள்ள வேண்டும். பெற்றோரோ உடன்பிறந்தாரோ விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்று, மாற்றுத் திறனாளி அட்டை, ஆதார், புகைப்படம் ஆகியவற்றைப் பதினெட்டு நிறையும் முன்பே ஒரு கவரில் சேர்த்து, அது இருக்கும் இடத்தை மூத்த மகனுக்கோ மகளுக்கோ காட்டிவைக்கவும்.